சுவருக்கு எதற்குப் பிளாஸ்டிக் தோல்?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே வந்தால் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று ஊர் ஊராக ஒரு மாற்றம் கண்ணில் படும். ஜவுளிக் கடை, மருத்துவமனை, திருமண மண்டபம் என்று தொடங்கிய பழக்கம் இப்போது குடியிருப்பு வீடுகளுக்கும் வந்துவிட்டது. பூச்சு முடிந்து, பட்டி பார்த்து, பெயின்ட்டும் அடித்த சுவரின் மேல் பலகை அடிக்கிறார்கள். மர வரி அச்சிட்ட பி.வி.சி. பேனல், பளபளக்கும் ஏ.சி.பி. ஷீட், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த லூவர் என்று வகை பல. எல்லாவற்றுக்கும் சேர்த்து "எலிவேஷன் வேலை" என்று பெயர்.

"ஷீட் அடிச்சுப்போட்டீங்கன்னா இருவது வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டியதில்லைங்க. ஓதம் நிக்கும், வெயில் எறங்காது, பெயின்ட் செலவு மிச்சமுங்க." விற்பவர் இப்படிச் சொல்கிறார். முகப்பு வரைந்து கொடுப்பவரும் இதையே சொல்கிறார். பக்கத்து வீட்டில் அடித்தவர், அடித்து ஒரு மழைக்காலம்கூடக் கழியாத நிலையில், அதையே உறுதி செய்கிறார். வீடு கட்டுவோரிடையே இது இன்று கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக உலவுகிறது.

இந்த நம்பிக்கை தவறு. கொங்குச் சமவெளியில் செங்கல்லாலோ ஹாலோ பிளாக்காலோ கட்டி முறையாகப் பூசிய சுவருக்குப் பிளாஸ்டிக் பலகை தேவையில்லை. தேவைப்படுவதாகத் தோன்றும் இடங்களில், ஏற்கெனவே உள்ள நோயை அது வளர்க்கிறது.

வெளிச்சுவரில் பிளாஸ்டிக் பலகை அடிக்கும் வழக்கம் பிறந்த இடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். வினைல் சைடிங் என்ற இந்தப் பொருள் 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் உருவானது. அங்கே பெரும்பாலான தனி வீடுகள் மரச் சட்டங்களால் கட்டப்படுபவை. சட்டங்களுக்கு வெளியே மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அறைந்து, மழையையும் பனியையும் தடுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் அந்தப் பலகை உளுத்துவிடும். ஆள் கூலியோ அதிகம். அந்த மரப் பலகைக்கு மாற்றாக முதலில் அலுமினியம் வந்தது; பிறகு, நசுங்காத, நிறம் உள்ளேயே கலந்த வினைல் வந்தது. அந்த நாட்டின் ஓர் உண்மையான சிக்கலுக்கு அது உண்மையான விடை. இன்றும் அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு வினைல்தான் மேல்தோல்.

ஆனால் அதே நாட்டின் வெயில் பிரதேசங்களைப் பார்க்க வேண்டும். வினைல் கோலோச்சுவது குளிர் மிகுந்த வடகிழக்கிலும் மத்திய மேற்கிலும். அரிசோனா, கலிஃபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில் வீட்டுச் சுவர்களுக்குப் பெரும்பாலும் சிமென்ட் பூச்சுதான். வினைலைக் கண்டுபிடித்த நாடே வெயில் கொளுத்தும் இடத்தில் பூச்சை நம்புகிறது. பூச்சை நம்பி நூற்றாண்டுகள் வாழ்ந்த கொங்கு நாடு அதன் மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்துகிறது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க வீட்டில் வினைல் ஒரு பொருளுக்குப் பதிலாக வருகிறது. அதை எடுத்துவிட்டால் வீட்டுக்கு வெளித்தோல் கிடையாது. இங்கே அது எதற்கும் பதில் அல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அப்படியே இருக்கிறது, அதன் மேல் பூச்சு இருக்கிறது, பூச்சின் மேல் பெயின்ட் இருக்கிறது. பலகை நான்காவதாக வருகிறது. "செங்கல்லுக்காகத் தடாகம் பள்ளத்தாக்கையே தோண்டிவிட்டார்கள், அதற்குப் பிளாஸ்டிக் எவ்வளவோ மேல்" என்று வாதிடுபவர்கள் உண்டு. தடாகத்தில் செம்மண் வெட்டி யானைகளின் வழித்தடத்தைப் பாதாளமாக்கியது கொடுமைதான். 2021இல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் மூடப்பட்டது சரியான நடவடிக்கைதான். ஆனால் பலகை அடித்த வீட்டில் ஒரு செங்கல்லாவது குறைகிறதா? ஒன்றுகூடக் குறைவதில்லை. செங்கல்லின் சுமையோடு பிளாஸ்டிக்கின் சுமையும் சேர்கிறது, அவ்வளவே.

இனி முதல் வாக்குறுதியான ஓதத்துக்கு வருவோம். பலகை விற்பனையில் பெரும்பங்கு இந்த அச்சத்தின் மேல்தான் நடக்கிறது. பெயின்ட் உப்புகிறது, பூச்சு பொரிந்து கொட்டுகிறது, ஒவ்வொரு தீபாவளிக்கும் சுரண்டிப் பூசி அலுத்துப்போன வீட்டுக்காரர் கடைசியில் பலகைக்குப் போகிறார். அவருடைய அலுப்பு நியாயமானது. ஆனால் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று அனுபவமுள்ள எந்தக் கொத்தனாரிடமும் கேட்டுப் பாருங்கள். சுவரின் வெளிமுகத்தை அவர் கடைசியாகத்தான் காட்டுவார்.

முதலில் தரையைப் பார்ப்பார். பேஸ்மட்டத்தின் தலையில் ஓதம் தடுக்கும் அடுக்கு போடப்படாமலோ அரைகுறையாகவோ இருந்தால், மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று ஒரே மட்டத்தில் பூச்சு உதிர்ந்தால் அது மண்ணிலிருந்து வருவது. அடுத்து மேலே பார்ப்பார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலை சரிவில்லாமல் தட்டையாக இருந்தால் மழைநீர் தேங்கிச் சுவருக்குள் இறங்கும். சன்ஷேடின் அடியில் நீர் சொட்டி விழ ஒரு காடி எடுக்காவிட்டால், தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரில் வழியும். குளியலறைக் குழாய் இணைப்பு ஒன்று கசிந்தால் வெளிச்சுவரில் வரைபடம் போல் கறை படரும். உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் அந்த உப்பு ஆண்டுக் கணக்கில் வெளியே வந்து பூத்துக்கொண்டே இருக்கும். பவானிக் கரையில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு நல்ல தண்ணீர் வாய்த்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் கட்டும் ஊர்களில் உப்புப் பூப்பது அன்றாடக் கதை.

இவற்றில் எதையும் பலகை தொடுவதே இல்லை. மண்ணின் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், கைப்பிடிச் சுவர் குடித்துக்கொண்டே இருக்கும், குழாய் கசிந்துகொண்டே இருக்கும். மாறுவது ஒன்றுதான். ஈரமான சுவர் காய்வதற்கு இருந்த வழி அடைபடுகிறது. செங்கல் சுவர் மழையில் கொஞ்சம் ஈரம் இழுக்கும், வெயிலில் அதை விட்டுவிடும். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர்கள் இதை இன்னும் நன்றாகச் செய்தன. கோவையின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் வறண்ட காற்றும் வெயிலும் கிடைக்கின்றன. சுவர் காய்வதற்கு இதைவிட வாகான தட்பவெப்பம் வேண்டுமா? அந்த வரத்தை மறித்து முன்னால் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டுவது எந்த வகையில் பாதுகாப்பு?

அமெரிக்காவில் வினைல் தயாரிப்பவர்களின் சங்கமே தன் பொருத்தும் கையேட்டில் இது தண்ணீர் புகாத உறை அல்ல என்று ஒப்புக்கொள்கிறது. பலகைக்குப் பின்னால் தண்ணீர் போகும் என்று எதிர்பார்த்தே அங்கே வேலை நடக்கிறது. உள்ளே தனியாக ஒரு நீர்த்தடுப்பு விரிப்பு இருக்கும். ஒவ்வொரு பலகையின் அடியிலும் நீர் வடியத் துளைகள் இருக்கும். ஆணியை இறுக அறைய மாட்டார்கள். நீள்துளையின் நடுவில் தளர்வாக அறைந்து, பலகையைத் தொங்கவிடுவார்கள். இங்கே நடப்பது நேர் எதிர். பூச்சின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, ஓர் அடிக்கு ஒரு ரோல் பிளக் என்று துளையிட்டு, பலகையை இறுக முடுக்கி, மேலும் கீழும் சிலிக்கான் வைத்து அடைத்து விடுகிறார்கள். அதாவது, தண்ணீர் புக நூறு துளை, வெளியேற ஒன்றுகூட இல்லை. உள்ளே சட்டம் துருப்பிடிக்கிறது. எலியும் குளவியும் குடியேறுகின்றன. கரையான் ஏறினாலும் தெரியாது. வீட்டுக்காரருக்கோ எல்லாம் சரியாகிவிட்டது போல் இருக்கிறது. கண்ணில் படவில்லை, அதனால் கவலையும் இல்லை. உட்பக்க அறையில் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

மேட்டுப்பாளையத்தில் சுவரைப் பற்றி எழுதும்போது நடூரைத் தாண்டிப் போக முடியாது. 2019 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில், தொடர்மழையில் ஊறிய சுமார் இருபதடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து, அதன் அடியில் வாழ்ந்த தலித் குடும்பங்களின் வீடுகள்மேல் விழுந்தது. உறக்கத்திலேயே 17 பேர் மாண்டார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டிருந்ததாக அங்குள்ள மக்கள் சொன்னார்கள். அங்கே பலகை எதுவும் அடிக்கப்படவில்லை; அது கருங்கல் சுவர்; அந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருந்த சாதியும் அலட்சியமும் இந்தக் கட்டுரையின் பொருளைவிடப் பெரியவை. ஆனால் அந்த ஊர் ஒரு பாடத்தை மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. சுவர் நிற்பதும் விழுவதும் அதன் அஸ்திவாரத்தையும், பின்னால் தேங்கும் நீருக்கு வழி இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. விரிசல், உப்பல், நீர்க்கறை, சாய்வு ஆகிய அறிகுறிகளைப் பார்த்துத்தான் ஆபத்தை முன்கூட்டி உணர முடியும். அந்த அறிகுறிகள் தெரியக்கூடிய ஒரே இடமான சுவரின் முகத்தை மறைப்பதைப் "பராமரிப்பு" என்று விற்பதை இந்த ஊராவது ஏற்கக் கூடாது.

அடுத்தது வெயில். பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடும் இடைவெளி இருந்து, பலகையும் வெளிர் நிறமாக இருந்தால், மேற்குச் சுவரில் சூடு ஓரளவு குறையும் என்பது உண்மை. மறுப்பதற்கில்லை. ஆனால் மேட்டுப்பாளையம் இருப்பது ஏறக்குறைய 11.3 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் இந்த ஊரின் நேர் உச்சியில் நிற்கிறது. கோடை முழுவதும் அது உச்சியை ஒட்டியே நகர்கிறது. ஒன்றிரண்டு மாடி வீட்டில் சூடு முதன்மையாக இறங்குவது கூரை வழியே. மாடித் தளத்தில் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தாலோ, ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலோ கிடைக்கும் குளிர்ச்சியை முகப்புப் பலகை தராது. அதிலும் முகப்பு எந்தத் திசை பார்த்தாலும் பலகை அடிப்பது முகப்பில்தான். வெயில் வாங்கும் மேற்குச் சுவர் பக்கத்து மனையைப் பார்த்திருந்தால் அது மொட்டையாகவே கிடக்கும். சூட்டைத் தணிப்பதுதான் நோக்கம் என்றால் இப்படி நடக்குமா?

அந்தப் பலகையின் நிறத்தையும் பாருங்கள். தேக்கு நிறம், கரும்பழுப்பு, சாம்பல் கறுப்பு. இவைதான் நாகரிகம் என்று விற்கப்படுகின்றன. வினைல் 70 பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டினாலே இளகத் தொடங்கும். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பிய வெயிலில் வினைல் பலகைகள் உருகி நெளிந்த நிகழ்வுகள் அமெரிக்காவிலேயே பல பதிவாகியுள்ளன. அங்குள்ள வெயிலைவிட நம் சித்திரை வெயில் இளகியதல்ல. உருகும் அளவுக்குப் போகாவிட்டாலும் நீளும். சிமென்ட் பூச்சோடு ஒப்பிட்டால் பி.வி.சி. சூட்டில் ஐந்தாறு மடங்கு அதிகம் விரியக்கூடியது. பத்தடிப் பலகை ஒன்று இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 40 பாகை வித்தியாசம் கண்டால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும்; பின்னால் இருக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு நாளும் இந்த இழுபறி. இறுக முடுக்கிய திருகுகளைச் சுற்றி பலகை வெடிப்பதும், நடுவில் தொந்தி தள்ளுவதும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் முனை பிய்ந்து படபடப்பதும் இதனால்தான்.

பராமரிப்பே வேண்டாம் என்ற வாக்குறுதியை மறுக்க ஆய்வகம் தேவையில்லை. கொங்கு விவசாயிக்கு பி.வி.சி. புதிதல்ல. மேட்டூரில் 1960களிலிருந்தே பி.வி.சி. தயாராகிறது. கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயாக, ஆழ்துளைக் கிணற்றின் உறையாக, சொட்டுநீர்ப் பாசனத்தின் முதன்மைக் குழாயாக அது இந்த வறண்ட மண்ணுக்குச் செய்த உபகாரம் கொஞ்சமல்ல. அந்தப் பொருளை யாரும் பழிக்கவில்லை. ஆனால் மண்ணுக்குள் புதைத்த குழாய் தலைமுறைக்கு உழைப்பதையும், வரப்போரம் வெயிலில் கிடந்த குழாய் சில ஆண்டுகளில் வெளுத்து, மாவு பூத்து, மண்வெட்டி பட்டதும் ஓடு போல் சில்லாய் உடைவதையும் அறியாத தோட்டக்காரர் உண்டா? சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் பி.வி.சி.யின் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. அதைத் தாங்க, உண்மையான வெளிச்சுவர் வினைலில் டைட்டானியம் டை ஆக்சைடும் நிலைப்படுத்திகளும் போதுமான அளவு சேர்க்கிறார்கள். அமெரிக்கத் தரநிலை குறைந்தபட்சக் கனத்தையும், வெயிலில் நிறம் தாங்கும் திறனையும் வரையறுக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அறைக்குள் கூரைக்கு அடிக்கும் பேனல். உள்ளே கூடு போல் பொள்ளலாக, மெல்லிய இரு தகடுகளுக்கு இடையே குறுக்குத் தடுப்புகளோடு இருக்கும். விலை குறைக்கச் சுண்ணாம்புத்தூள் நிறையக் கலந்திருக்கும். குளிர்சாதன அறையின் கூரைக்கு அது பொருந்தலாம். அதையே வெளிச்சுவரில் அடித்தால் வரப்பில் கிடந்த குழாயின் கதிதான். பிறகு என்ன செய்வது? பூச்சில் விரிசல் விட்டால் ஒரு கொத்தனாரும் ஒரு சட்டி கலவையும் போதும். பெயின்ட் மங்கினால் மறுபடி அடிக்கலாம். ஒரு பேனல் உடைந்தால், ஐந்து வருடத்துக்கு முந்தைய அதே வடிவமும் நிறமும் கடையில் இருக்காது. கிடைத்தாலும் வெயிலில் வெளுத்த மற்றவற்றோடு சேராது. ஒன்றை மாற்றப் போய் முகப்பு முழுவதையும் கழற்றுவதில் முடியும். பராமரிக்கத் தேவையில்லாத பொருள் என்று வாங்கியது, பராமரிக்கவே முடியாத பொருள் என்று அப்போதுதான் தெரியவரும்.

கழற்றியது எங்கே போகும்? நிரப்பி அதிகம் கலந்த, பல அடுக்குப் படலம் ஒட்டிய இந்தப் பலகைகளைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட விரும்பி எடுப்பதில்லை. கடைசியில் அது சேருமிடம் குப்பைக் கிடங்கு. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்ததை அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரியும் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும்; குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது டையாக்சின் உருவாகவும் வழி உண்டு.

தீ என்றதும் ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குளோரின் மிகுந்திருப்பதால் பி.வி.சி. எளிதில் தீப்பிடித்துப் பரவாது. அதன் ஆபத்து புகையில்தான். ஏ.சி.பி. ஷீட் வேறு ரகம். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன். மெழுகைப் போல் உருகி எரியக்கூடிய பிளாஸ்டிக் அது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று நடந்ததை உலகமே பார்த்தது. 24 மாடிக் குடியிருப்பு. கான்கிரீட்டால் கட்டப்பட்டு பல பத்தாண்டுகளாக உறுதியாக நின்றது. 2016இல் முடிந்த புதுப்பிப்பில் அதற்கு இந்த ரக மேல்தோல் போர்த்தினார்கள். நான்காம் மாடிச் சமையலறையில் குளிர்பதனப் பெட்டி ஒன்றில் தொடங்கிய தீ, ஜன்னல் வழியே அந்தத் தோலைப் பற்றிக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் உச்சியைத் தொட்டது. 72 பேர் இறந்தார்கள். அந்தப் புதுப்பிப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் கட்டடத்தின் தோற்றத்தை மேம்படுத்துவதும் ஒன்று.

தீயை அடக்கும் நடுப்பகுதி கொண்ட ஷீட்டுகளும் சந்தையில் இருக்கின்றன; விலை கூடுதல். மேலே ஒட்டிய அலுமினியத்தைப் பார்த்து எது எது என்று வாங்குபவரால் கண்டுபிடிக்க இயலாது. முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தின் முகப்பிலும், நோயாளிகள் படுத்திருக்கும் மருத்துவமனையின் முகப்பிலும் எது அடிக்கப்பட்டிருக்கிறது என்று அங்கே போகிற எவருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, ஜன்னல்களையும் சேர்த்து மூடி முகப்பை ஒரே பலகையாக்குகிறார்கள். காற்று வராது, வெளிச்சம் வராது, புகை சூழ்ந்தால் வெளியேறவும் வழி இருக்காது.

"சரி, அழகுக்காவது இருக்கட்டுமே" என்பது கடைசி அரண். கோவை டவுன்ஹாலில் 1892இல் எழுந்த விக்டோரியா நகர மண்டபத்தைப் பாருங்கள். 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தையும், சைதாப்பேட்டையிலிருந்து 1906இல் கோவைக்கு வந்த வேளாண் கல்லூரிக்காக லாலி ரோட்டில் கட்டப்பட்ட செந்நிறக் கட்டடத்தையும் பாருங்கள். நூறு ஆண்டுகளைக் கடந்த இந்தச் சுவர்களுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் பூச்சுமே முகம். நிழல் விழும் ஆழமான வளைவுகளும் நீட்டிய விளிம்புகளும் அழகையும் தந்தன, மழையையும் தள்ளிவிட்டன. கொங்கு வீடுகளின் தொட்டிக்கட்டும் திண்ணையும், சுவரைத் தாண்டி நன்றாக இறங்கும் ஓட்டுக் கூரையும் இதே வேலையைத்தான் செய்தன. சுவரில் மழை படாமல் கூரை பார்த்துக்கொண்டது. பட்டால் சுவர் காய்ந்துகொண்டது. இன்றைய வீட்டில் சன்ஷேடை "எலிவேஷனுக்கு இடிக்கிறது" என்று வெட்டிவிட்டு, அதனால் நனையும் சுவருக்குப் பிளாஸ்டிக் மாட்டுகிறோம். மர வரி அச்சிட்ட பிளாஸ்டிக்கை மரம் என்று யாரும் ஏமாறுவதில்லை. வனக்கல்லூரியும் மரக்கடைகளும் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் அது இன்னும் கூடுதலாகவே உறுத்துகிறது.

எதிர்வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் உண்மையான கனம் இருக்கிறது. நல்ல பூச்சுக்காரர் கிடைப்பதில்லை. மணியாஸ் கட்டையும் ரசமட்டமும் பிடித்துச் சுவரைச் சமமாக்கும் கை குறைந்துவிட்டது. கிடைக்கும் ஆட்களும் அவசரத்தில் பூசுகிறார்கள், பூச்சு வெடிக்கிறது. பலகை இரண்டு நாளில் முடிகிறது. இந்தக் குறையை மறுக்க முடியாது. ஆனால் பூச்சு வெடிப்பதற்கான காரணங்கள் மர்மமானவை அல்ல. பூச்சுக்கு உரிய பி சாண்ட் வாங்காமல் மிச்சமிருந்த எம் சாண்டைச் சலித்துப் போடுவது, சிமென்ட்டை அளவுக்கு மீறிக் கொட்டுவது, காய்ந்த சுவரை நனைக்காமல் பூசுவது, பூசிய பின் ஒரு வாரம் தண்ணீர் விடாமல் விடுவது. நான்கையும் திருத்த வீட்டுக்காரரின் கவனமும் மேஸ்திரியின் கண்டிப்பும் போதும். பலகைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியைக் கூலியாகக் கொடுத்தால் நல்ல கை தேடி வரும். பூச்சு வேலைக்கு மதிப்பும் கூலியும் குறைந்ததால் கை குறைந்தது. அதற்குப் பலகையைப் பரிகாரமாக்கினால், இருக்கிற கையும் போய்விடும்.

மேல்தோலுக்கு எங்குமே இடமில்லை என்று சொல்ல வரவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர், கோத்தகிரி என்று மலை ஏறிவிட்டால் கதை வேறு. சாரலும் மூடுபனியும் வாரக்கணக்கில் நிற்கும் இடத்தில், மழை அடிக்கும் பக்கச் சுவருக்கு முன்னால் இடைவெளி விட்டுத் தகரம் அடிப்பது மலைவாசிகளின் பழைய அறிவு. காற்று பின்னால் ஓடும், கெட்டுப்போன தகட்டை மட்டும் மாற்றலாம், பழைய தகரத்துக்கு விலையும் உண்டு. ஆனால் அங்கேயும் விடுதிகளும் பண்ணை வீடுகளும் பிளாஸ்டிக் மரப் பலகைக்கு மாறுகின்றன. நீலகிரிக்கு ஏறும் வாகனங்களை நிறுத்தி, ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சோதனை நல்ல காரியம். அதே மலைக்கு லாரியில் ஏறும் சுவர்ப் பலகையை எந்தச் சோதனைச் சாவடியும் கேட்பதில்லை. பாட்டில் திரும்பி இறங்கவாவது வாய்ப்பிருக்கிறது. பலகை வெளுத்து உடைந்த பின் மலைச் சரிவில்தான் கிடக்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் முகப்புப் பலகையின் பொருளையும் அதன் நடுப்பகுதி எதனால் ஆனது என்பதையும் எழுதிக் கொடுக்கச் சொல்ல உள்ளாட்சி அமைப்புகளால் முடியும். மண்டபம், மருத்துவமனை, ஜவுளிக் கடை போன்ற கூட்டம் சேரும் கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தரும்போது அதைச் சரிபார்க்க முடியும். புதிதாகக் கட்டுபவர் பேஸ்மட்டத்தில் ஓதத் தடுப்பு, கைப்பிடிச் சுவரின் தலையில் சரிவு, சன்ஷேடில் சொட்டுக் காடி, மாடியில் வெள்ளைப் பூச்சு ஆகியவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்கட்டும். இவை முடிந்த பிறகும் பலகை வேண்டும் என்று தோன்றினால் பேசலாம்.

ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பு, சுவரின் அடியிலும் தலையிலும் ஒவ்வொரு வரிசைப் பலகையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. உள்ளே உலர்ந்திருந்தால், அடைத்த சிலிக்கானை வெட்டி எடுத்து, மேலும் கீழும் காற்றுப் போக விரலளவு இடைவெளி விட்டுவிடலாம். சட்டத்தில் துருவும் பூச்சில் கறையும் தெரிந்தால், முழுவதையும் இறக்கி, தண்ணீர் வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்ட பிறகே மறுபடி பூச வேண்டும்.